அந்த முத்திரையை நான் பார்த்தேன்

சட்டம் இடம் தராத ஒரு கப்பலை நான் கைது செய்ய வைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படிச் சொன்னேன். நீதிமன்ற வராந்தாவில் கேட்ட நண்பர்களிடமும் அப்படியே சொன்னேன். அது பொய். தெரிந்துதான் செய்தேன்.

என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தேன், அதனால் யார் யாருக்கு என்ன போயிற்று என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கப்பலின் பெயரையும் என் கட்சிக்காரரின் பெயரையும் மட்டும் எழுதவில்லை. தப்பு அவர்களுடையது அல்ல.

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். கடல்சார் வழக்குகள்தான் என் பிழைப்பு. எங்கள் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே துறைமுகம். 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கு எரிந்ததே நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில்தான். இதைப் புது ஜூனியர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அன்றைக்குக் கப்பலுக்கு வழி காட்டினார்கள், இன்றைக்கு நாம் வழி மறிக்கிறோம் என்பேன். சிரிப்பார்கள். ராஜாஜி சாலை ஷிப்பிங் ஏஜென்டுகள் என்னைக் ‘கப்பல் பிடிக்கிற வக்கீல்’ என்றார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் முதல் காரணம் அதுதான்.

நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கடல் வழக்கில் கப்பலே பிரதிவாதி. உரிமையாளர் எங்கோ ஒரு தீவில் பதிவான கம்பெனியாக இருப்பார். அவருடைய இன்னொரு சொத்தை இந்தியாவில் தேடினால் கிடைக்காது. இங்கே இருப்பது கப்பல் மட்டும். அதுவும் ராத்திரி கிளம்பிவிடும். ஆகவே கப்பலையே நிறுத்திவை, பணமோ வங்கி உத்தரவாதமோ கட்டினால் விட்டுவிடு என்கிறது சட்டம். உத்தரவு வந்ததும் துறைமுகத்தின் டெபுடி கன்சர்வேட்டருக்கும் சுங்கத் துறைக்கும் தகவல் போகும். போர்ட் கிளியரன்ஸ் கிடைக்காது. பைலட் ஏறமாட்டார். ஒரு நீதிபதியின் ஒரு பக்கத் தாள், பல ஆயிரம் டன் இரும்பை அசையவிடாமல் செய்துவிடும்.

இளம் வயதில் என்னை இந்தத் துறைக்கு இழுத்ததே அந்தச் சக்திதான். எம்.வி. எலிசபெத் வழக்கின் தீர்ப்பைப் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். 1984-ல் அந்தக் கப்பல் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் சரக்கு ஏற்றியது. சரக்குக்கான ரசீதான பில் ஆஃப் லேடிங் கொடுக்காமலே கிளம்பிப் போனது. அனுப்பியவர் சொன்னதை மீறி, போன இடத்தில் சரக்கை ஒப்படைத்தும் விட்டது. பிறகு அதே கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வந்தது. ஆந்திர உயர் நீதிமன்றம் கைது செய்தது. கப்பல்காரர்கள் ஒரு பழைய ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்திய நீதிமன்றங்களுக்கு இருப்பது 1861-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் கொடுத்த அதிகாரம்தான், அது உள்ளே வரும் சரக்குக்கு மட்டுமே, வெளியே போகும் சரக்குக்கு இல்லை என்றார்கள். 1992-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தொம்மன் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தைத் தள்ளியது. சுதந்திர நாட்டின் உயர் நீதிமன்றம் 1861-லேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை என்றது. நம் கரைக்கு வந்த எந்தக் கப்பலையும் கேள்வி கேட்கும் அதிகாரம் நம் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு என்றது.

அந்தத் தீர்ப்பு, ஏமாந்து நின்ற சரக்குக்காரருக்காக வந்தது. நான் அதில் படித்துக்கொண்டது அதிகாரத்தை மட்டும்.

பிறகு 2017-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 2018 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. காலனிக் காலத்து ஏடுகள் ஒழிந்தன. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ‘கடல்சார் கோரிக்கைகள்’ வரிசையாக இருக்கின்றன. மோதல் சேதம், உயிரிழப்பு, சரக்கு நஷ்டம், மீட்புக் கூலி, அடமானம், மாலுமிச் சம்பளம், துறைமுகக் கட்டணம், கப்பலுக்குப் போட்ட எண்ணெய், உணவு, பழுதுபார்ப்பு என்று நீளமான பட்டியல். சாதாரண ஆள் படித்தால் இந்தப் பட்டியலில் தன் பாக்கி இருந்தாலே கப்பலைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பார். அப்படி இல்லை. அடுத்து 5-ஆம் பிரிவு வருகிறது. பாக்கிக்குப் பொறுப்பாளி யார், கப்பல் யாருடையது என்று அது கேட்கிறது. கோரிக்கை எழுந்தபோது கப்பல் யாருடையதோ அவர் அந்தக் கடனுக்குப் பொறுப்பாளியாக இருக்க வேண்டும். கைது செய்யும்போதும் கப்பல் அவருடையதாகவே இருக்க வேண்டும். அல்லது கப்பலை மொத்தமாக எடுத்துத் தன் கேப்டன், தன் ஆட்களை வைத்து ஓட்டுகிற டிமைஸ் சார்ட்டரர் பொறுப்பாளியாக இருக்க வேண்டும். அல்லது அடமானம், உரிமைத் தகராறு, 9-ஆம் பிரிவில் சொன்ன, கப்பலோடு ஒட்டியே வரும் பற்றுரிமை, இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

டைம் சார்ட்டரர் அந்தப் பிரிவில் இல்லை. அவர் கப்பலைக் காலவாடகைக்கு எடுப்பவர். கேப்டனும் ஆட்களும் உரிமையாளருடையவர்கள். இவர் வாடகை கொடுப்பார், எங்கே போக வேண்டும் என்று சொல்வார், எண்ணெய் வாங்கிப் போடுவார். அந்த எண்ணெய்க் காசை அவர் கொடுக்காமல் ஓடிவிட்டால், எண்ணெய் விற்றவர் அவரைத்தான் பிடிக்க வேண்டும். கப்பலை அல்ல. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே எண்ணெய் போட்டவருக்குக் கப்பல் மீதே பற்றுரிமை உண்டு. நம் 9-ஆம் பிரிவில் எண்ணெய் இல்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். கருத்தரங்குகளில் இதைப் பாடமே எடுத்திருக்கிறேன்.

என் கட்சிக்காரர் கப்பல்களுக்கு எண்ணெய் விற்கும் சின்ன வியாபாரி. பெரிய கம்பெனியிடம் கடனுக்கு எடுத்து, மேலே கொஞ்சம் வைத்து விற்பவர். ஒரு கப்பலைக் காலவாடகைக்கு எடுத்திருந்த வெளிநாட்டு வாடகைக்காரர் ஆர்டர் கொடுத்தார். இவர் பார்ஜில் கொண்டுபோய் ஊற்றினார். பணம் வரவில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை. போன் எடுக்கவில்லை. சில மாதம் கழித்து அதே கப்பல் மறுபடி சென்னைக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் என் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. அடுத்த இரண்டு நாள் நீதிமன்றம் இல்லை.

“சார், கப்பல் போய்ட்டா என் கதை முடிஞ்சுது சார்” என்றார். உட்காரக்கூட இல்லை.

அந்த வாரத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு கப்பல் என் கையிலிருந்து நழுவியிருந்தது. உரிமையாளர் யார் என்று சரிபார்க்க ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அது நங்கூரம் தூக்கிவிட்டது. அந்தக் கட்சிக்காரர் நீதிமன்ற வராந்தாவில் நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டார். “உங்கள நம்பினேன் பாருங்க” என்று ஆரம்பித்து மேலும் பேசினார். எனக்குக் காது எரிந்தது. கப்பல் பிடிக்கிற வக்கீலுக்குக் கப்பல் தப்பிவிட்டது என்று ராஜாஜி சாலை முழுக்கப் பேசினார்கள். பேசியதாக நான் நினைத்துக்கொண்டேன். இனி ஒரு கப்பலைத் தப்பவிடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். கட்சிக்காரருக்காக அல்ல, என் பெயருக்காக. சரிபார்த்ததுதான் நான் அன்று ஒழுங்காகச் செய்த காரியம். அதையே தவறு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கட்சிக்காரர் கொண்டுவந்த கட்டில் ஆர்டர் மெயில் இருந்தது. வாங்குபவர் என்ற இடத்தில் வாடகைக்காரரின் பெயர். இன்வாய்ஸ் இருந்தது. அதிலும் அவர் பெயர்தான். கடைசியாக எண்ணெய் இறக்கிய டெலிவரி ரசீது. கப்பலின் சீஃப் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்துக்குக் கீழே நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கார்பன் பிரதி என்பதால் மங்கலாக இருந்தது. மங்கலாக இருந்தது என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் படிக்க முடிந்தது. எரிபொருள் வாடகைக்காரர் கணக்கில் மட்டுமே பெறப்பட்டது, கப்பலுக்கும் உரிமையாளருக்கும் பொறுப்பில்லை, கப்பல் மீது பற்றுரிமை எழாது. இதுதான் அதன் பொருள். இந்த மாதிரி ஸ்டாம்ப்பைக் கேப்டன்கள் கையில் வைத்திருப்பார்கள். என் போன்ற ஆட்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் பார்த்தது என் ஜூனியர். தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு ரசீதைத் தூக்கிக் காட்டினாள்.

“சார், இந்த ஸ்டாம்ப்பப் பாத்தீங்களா?”

“பாத்தேன்மா.”

“பாராகிராஃப்ல சொல்லிடலாமா சார்?”

“வேணாம். அவங்க வந்து சொல்லிக்கட்டும். நீ அடி.”

அவள் அடித்தாள். நான் பக்கத்தில் நின்று வாசகம் சொன்னேன். ‘மேற்படி எரிபொருள் கப்பலின் பேரிலும் அதன் உரிமையாளரின் பேரிலும் கடனாக வழங்கப்பட்டது.’ இந்த ஒரு வாக்கியம்தான் என் குற்றம். கைது உத்தரவு இந்த வாக்கியத்தின் மேல் வந்தது. இது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். உடம்பில் ஒரு நடுக்கமும் இல்லை. மணி என்ன என்றுதான் பார்த்தேன். கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கங்களை அவர் படிக்கவில்லை. நான் படித்துக் காட்டவும் இல்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. கப்பலின் தொட்டியில் மிச்சமிருந்த எண்ணெய் வாடகைக்காரரின் சொத்து. அதைத் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியாகக் கேட்டிருக்கலாம். உரிமையாளர் அந்த எண்ணெய்க்கான மதிப்பை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் போயிருப்பார். பாக்கி முழுவதும் தேறியிருக்காது. கொஞ்சம் தேறியிருக்கும். அது அப்போதே என் நினைவுக்கு வந்தது. தொட்டி எண்ணெயை ஜப்தி செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது? அதனால் விட்டுவிட்டேன்.

காலையில் நீதிபதி முன் மென்ஷன் செய்து லஞ்ச் மோஷன் வாங்கினேன். மதிய இடைவேளை முடிந்ததும் வழக்கு வந்தது. எதிர்த்தரப்பு கிடையாது. கப்பல் கைது கேட்கும்போது எப்போதும் அப்படித்தான். முன்கூட்டித் தெரிந்தால் கப்பல் ஓடிவிடும். ஆகவே நீதிபதி ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு உத்தரவு போடுகிறார். அதற்குப் பதிலாக அவர் நம்மிடம் ஒன்றை எதிர்பார்க்கிறார். நமக்குப் பாதகமான விஷயத்தையும் நாமே சொல்லிவிட வேண்டும். அந்த அறையில் எதிராளியின் வாய் நாம்தான்.

நீதிபதி கேட்டார். சரியான கேள்வியைக் கேட்டார். “இந்தக் கடனுக்கும் கப்பல் உரிமையாளருக்கும் என்ன சம்பந்தம்?”

“எண்ணெய் கப்பலுக்குத்தான் போனது. கப்பலின் சீஃப் இன்ஜினியரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்” என்றேன். ரசீதின் பக்க எண்ணைச் சொன்னேன். அவர் புரட்டினார். போட்டோ காப்பியில் ஸ்டாம்ப் சாம்பல் கறையாக விழுந்திருந்தது. அவர் பார்வை அதன் மேல் போய்த் திரும்பியது. அந்த நிமிடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். உத்தரவு கிடைக்காமல் போயிருக்கும், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தவறான கைது என்று பிறகு தெரிந்தால் நஷ்டஈடு தருகிறோம் என்ற உறுதிமொழி உண்டா என்று கேட்டார். 11-ஆம் பிரிவு அதைக் கேட்க இடம் தருகிறது. உண்டு என்று கொடுத்தேன். கட்சிக்காரர் காலையில் போட்ட கையெழுத்துகளில் ஒன்று அது. அது என்ன தாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அதைப் பற்றி அன்று பயமே இல்லை. 1858-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பு சொன்னது. எவாஞ்செலிஸ்மோஸ் என்ற கப்பலை ஆள் மாறாட்டம் போலத் தவறாகப் பிடித்துவிட்டார்கள். கெட்ட எண்ணமோ மிக மோசமான அலட்சியமோ இருந்தால்தான் நஷ்டஈடு என்று சொல்லி, அதைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கப்பல் பிடிப்பவர்கள் எல்லாரும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் தூங்குகிறோம். கெட்ட எண்ணம் என்பது அடுத்தவர்களுக்கு உள்ள நோய் என்று நினைத்திருந்தேன்.

உத்தரவு கிடைத்தது.

பெய்லிஃப் வாரண்டோடு போனபோது நானும் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. கேங்வேயில் ஏறும்போது என் நடையே வேறாக இருந்தது. கேப்டன் வயதானவர். வீல்ஹவுஸ் கண்ணாடியில் வாரண்டை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். ஒரிஜினல் ரசீது. நீல மை பளிச்சென்று இருந்தது. “இதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நீதிமன்றத்தில் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று இறங்கினேன்.

சனிக்கிழமை பத்திரிகை ஒன்றில் சின்னச் செய்தி வந்தது. கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

கைதான கப்பல் பெர்த்தை அடைத்துக்கொண்டு நிற்கத் துறைமுகம் விடாது. வெளியே நங்கூரத்தில் நிறுத்தினார்கள். ஐப்பசி மாதம். சென்னைக்காரனான எனக்கு ஐப்பசிக் கடல் என்ன என்று தெரியாமல் இருக்க முடியாது. 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயலில், இதேபோல வெளியே நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் அறுந்து எலியட்ஸ் கடற்கரையில் வந்து தரைதட்டியது. அதிலிருந்து உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் ஆறு மாலுமிகள் செத்தார்கள். ஊரே குடும்பத்தோடு போய் அந்தக் கப்பலை வேடிக்கை பார்த்தது. நானும் போனேன். எனக்கு அப்போது தோன்றியது, இதற்கு யார் யார் வழக்குப் போடுவார்கள் என்பதுதான்.

நான் நிறுத்திய கப்பலைப் புயல் தாக்கவில்லை. நடந்தது வேறு. அந்தக் கப்பலின் உள்ளூர் ஏஜென்டை நியமித்தது வாடகைக்காரர். அவரோ ஏற்கெனவே ஊருக்கெல்லாம் பாக்கி வைத்துவிட்டு ஓடியவர். கப்பல் கைது என்று தெரிந்ததும் ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். லாஞ்ச் படகு அனுப்பினால் காசு யார் தருவார்கள்? தண்ணீர், காய்கறிக்கு யார் பொறுப்பு? உரிமையாளர் புது ஏஜென்டை நியமிக்கச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் ஒரு மாலுமிக்குக் கயிறு இழுக்கும்போது கையில் அடிபட்டது. சின்னக் காயம். கப்பலிலேயே கட்டுப் போட்டிருக்கிறார்கள். அது சீழ் வைத்துக் கை வீங்கியது. கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேப்டன் ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருந்தார். லாஞ்ச் யார் அனுப்புவது என்ற மெயில்கள் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தன. எல்லா மெயில்களிலும் எனக்கும் ஒரு நகல் வந்தது. கைது கேட்ட தரப்பு என்ற முறையில் அந்தச் செலவை இப்போதைக்கு நாங்கள் ஏற்கிறோம் என்று நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். கட்சிக்காரரைக் கேட்காமல் என் சொந்தக் காசிலேயே ஒரு லாஞ்ச் அனுப்பியிருக்கலாம். பெரிய தொகை இல்லை. அது எங்கள் பொறுப்பல்ல என்று பதில் எழுதினேன். எழுதியது நானேதான், ஜூனியர் அல்ல.

அவரைக் கரைக்குக் கொண்டுவந்தபோது ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுக்க வேண்டியிருந்தது. வலது கை. கப்பலில் வேலை செய்யும் ஆளுக்கு அது கையே போன மாதிரி. அவர் எந்த நாட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியும். அவர் முகம் எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி என் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது.

9-ஆம் பிரிவின் வரிசையை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் மாலுமிகளின் சம்பளம். இரண்டாவது உயிரிழப்பும் உடல் காயமும். பிறகு மீட்புக் கூலி, துறைமுக, பைலட் கட்டணங்கள், கடைசியாகக் கப்பல் ஓடியதால் மற்றவர் பொருளுக்கு ஏற்பட்ட சேதம். கப்பல் கை மாறினாலும் கொடி மாறினாலும் இந்தப் பற்றுரிமைகள் ஓராண்டு அதன் கூடவே போகும். சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு. அவற்றுக்கு அடுத்தபடி அடமானம். எண்ணெய் பாக்கி அதற்கும் கீழே, மற்றவை என்ற மூட்டையில். சட்டத்தின் கண்ணில் அந்த மாலுமியின் விரல் என் கட்சிக்காரரின் ரூபாய்க்கு எவ்வளவோ மேலே இருந்தது.

இதற்கு நடுவில் கட்சிக்காரர் தினமும் போன் செய்வார். “உரிமையாளர் கைவிட்டுட்டா என்ன சார் ஆகும்?” என்று ஒரு நாள் கேட்டார். கைவிடப்பட்ட கப்பலை 45 நாளுக்குள் ஏலம் விடச் சட்டம் சொல்கிறது, ஏலம் போனால் காசு வந்துவிடும் என்றேன். அந்தக் காசுக்கு முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று சொல்லவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொல்லாமல் விட்டதாக நினைத்துக்கொண்டேன். கேள்வி கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் விட்டேன்.

உரிமையாளர் கைவிடவில்லை. வழக்கறிஞர் வைத்து வந்தார். கைதை நீக்கச் சொல்லி மனு. கூடவே ஒரிஜினல் ரசீது, வாடகை ஒப்பந்தம், எண்ணெய் வாடகைக்காரரின் பொறுப்பு என்று சொல்லும் அதன் பிரிவு. விசாரணை நீளவில்லை. நீதிபதி இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “இந்த முத்திரை உங்கள் கவனத்துக்கு வரவில்லையா?”

“கட்சிக்காரர் கொடுத்த பிரதி தெளிவாக இல்லை” என்றேன்.

முதல் பொய்க்கு அவசரம் என்ற சாக்கு இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. திட்டமிட்டு, நல்ல வெளிச்சத்தில், கறுப்பு அங்கியோடு நின்று சொன்னேன். பழியைக் கட்சிக்காரரின் காகிதத்தின் மேல் போட்டேன். என் ஜூனியர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வக்காலத்தில் அவள் பெயரும் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைது நீக்கப்பட்டது. கப்பல் போயிற்று. அதில் கொல்கத்தாவுக்குப் போக வேண்டிய சரக்கு பாதி இருந்தது. அதற்காகக் காத்திருந்தவர்களின் நஷ்டத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

உரிமையாளர் அந்த உறுதிமொழியைக் கையில் எடுத்தார். கப்பல் சும்மா நின்ற நாட்களின் வாடகை, எண்ணெய், வழக்குச் செலவு என்று கணக்கு அனுப்பினார்கள். தெரிந்தே மறைத்தது என்று எழுதியிருந்தார்கள். எவாஞ்செலிஸ்மோஸின் நிழல் அன்று எனக்கு உதவவில்லை. வழக்கை நடத்தியிருந்தால் நான் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். ஆகவே கட்சிக்காரரிடம் சமரசமே நல்லது என்றேன். அது அவருக்கு நல்லது என்று சொன்னேன். அது எனக்கு நல்லதாக இருந்தது. அவர் மீஞ்சூர் பக்கம் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றுக் கட்டினார். எண்ணெய் பாக்கியும் வரவில்லை. அடுத்த வருஷம் தொழிலை மூடிவிட்டு, இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் போனார். வாடகைக்காரரை நாங்கள் கடைசிவரை தேடவே இல்லை.

எங்காவது பார்த்தால் இன்றும் கும்பிடுவார். “ஜட்ஜுக்குப் புரியல சார், நீங்க என்ன பண்ணுவீங்க” என்பார். முதல் முறை அவர் அப்படிச் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். பிறகு ஒவ்வொரு முறையும் ஆட்டினேன். நேர்மையாக வேலை செய்த ஒரு நீதிபதியைப் பற்றி ஒரு மனிதர் இத்தனை வருஷம் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதற்கு என் தலையாட்டல்தான் காரணம்.

ஜூனியர் சில மாதத்தில் என்னை விட்டுப் போனாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது குடும்ப நல வழக்குகள் பார்க்கிறாள். கடல் வழக்குக்கு அவள் அளவுக்குக் கூர்மையான கண் அரிது. அந்த ஸ்டாம்ப்பை நீட்டிக் காட்டியவளிடம் ‘நீ அடி’ என்று சொன்னவன் நான்.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். துணிச்சல் வந்துவிடவில்லை. சென்ற மாதம் புது ஜூனியர்களுக்கு வகுப்பு எடுத்தேன். எதிர்த்தரப்பு இல்லாத மனுவில் பாதகமான உண்மையையும் சொல்ல வேண்டும் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். ஒரு பையன் எழுந்து, “சார், நீங்க எப்பவாவது சொல்லாம விட்டிருக்கீங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். யோசிக்காமல் வந்தது அந்த வார்த்தை. அது மூன்றாவது பொய்.

அந்தப் பையனிடம் இந்தத் தாள்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டேன். நேற்றுக் கட்சிக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும், “ஃபீஸத் திருப்பித் தருவீங்களா சார்?” என்றார். தருகிறேன் என்றேன். “மனைக்கு என்ன செய்வீங்க?” என்றார். அந்த விலைக்கு ஈடு கட்ட என்னால் இப்போது முடியாது. அதையும் சொன்னேன். பார் கவுன்சிலில் என் மீது புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, விலாசத்தையும் கொடுத்தேன். கொடுத்தால் நான் மறுத்து வழக்காட மாட்டேன். ஆதாரமாக இதையே தாக்கல் செய்துகொள்ளலாம்.